மட்டாஞ்சேரி அடுக்களை

கேரளத்தில் கொச்சி நகரம் இருக்கிறது. அங்கே மட்டாஞ்சேரி என்று ஒரு பகுதி. பழைய வியாபாரப் பகுதி அது. மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனை தெருவிலேயே வீசும். அங்கே ஒரு தெருவுக்கு யூதத் தெரு என்று பெயர். தெருக் கோடியில் யூதர்களின் தொழுகைக் கூடம் இருக்கிறது. அது 1568ஆம் ஆண்டு கட்டப்பட்டது.

இந்தத் தெருவில் இப்போது பழம்பொருள் கடைகள் அதிகம். ஒரு கடையில் மிகப் பெரிய பாத்திரம் ஒன்று இருக்கிறது. அதற்கு வார்ப்பு என்று பெயர். வெண்கலத்தில் வார்த்து எடுத்தது. டன் கணக்கில் எடை. உள்ளே நாலு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். வருகிறவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கடைகளில் சின்னப் பொருள்களும் உண்டு. அவற்றைப் பலர் கவனிப்பதில்லை. குதிரை போல ஒரு மரப் பலகை. அதன் முனையில் இரும்பு நாக்கு. ஒரு கனத்த உருளி. வாய் குறுகிய ஒரு ஜாடி. கொஞ்சம் தேய்ந்த ஒரு பித்தளைக் குடம்.

சுற்றுலா வந்த பிள்ளைகள் கேட்பார்கள். "பாட்டி, இது என்ன?"

பாட்டி சொல்வாள். "இது தேங்காய் துருவுறது கண்ணு. நம்ம வீட்டிலேயும் இருந்துச்சு."

ஆமாம். இவை எல்லாம் ஒரு காலத்தில் வீட்டுச் சாமான்கள். தினமும் கை பட்டவை. இப்போது கடைக்கு வந்துவிட்டன. ஆனால் சில கருவிகள் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. எது போனது? எது நின்றது? ஏன்? பார்ப்போம்.

பல ஊர்க்காரர்களின் அடுப்பு

மட்டாஞ்சேரி சின்ன இடம்தான். ஆனால் அங்கே பல மொழி பேசுகிறவர்கள் வாழ்கிறார்கள். மலையாளிகள், கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன் முஸ்லிம்கள், தமிழர்கள் என்று பலர். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் துணி வெளுக்கின்றன. யூதர்களும் நிறைய இருந்தார்கள். 1948இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. அதன் பிறகு அவர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள்.

ஒவ்வொருவர் அடுக்களையும் ஒவ்வொரு மாதிரி. குஜராத்தி வீட்டில் சப்பாத்திப் பலகையும் கட்டையும் இல்லாமல் நாள் விடியாது. யூதர் வீட்டில் பாத்திரம் இரண்டு வரிசையாக இருக்கும். இறைச்சி சமைக்க ஒரு வரிசை. பால் சேர்ந்தவைக்கு இன்னொரு வரிசை. இரண்டையும் கலக்கக் கூடாது என்பது அவர்கள் மத விதி. தமிழர் வீட்டில் இட்லிக் கொப்பரை. மலையாளி வீட்டில் புட்டுக் குடம்.

கப்பல் வழியாக வந்த பெயர்களும் உண்டு. குழிவான இரும்பு வாணலிக்கு மலையாளத்தில் சீனச் சட்டி என்று பெயர். ஊறுகாய் ஜாடிக்குச் சீனப் பரணி என்று பெயர். கொச்சிக் கடற்கரையில் மீன் பிடிக்கும் பெரிய வலைக்குச் சீன வலை என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் சீனக் கப்பல்கள் கொச்சிக்கு வந்து போயின. சீனர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். கப்பல்கள் போய்விட்டன. பெயர் அடுக்களையில் தங்கிவிட்டது.

மிளகாய்கூட வெளியில் இருந்து வந்ததுதான். அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த செடி அது. போர்ச்சுக்கீசியர் அதை இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு நம் அம்மிகள் மிளகைத்தான் அரைத்தன.

உட்கார்ந்து துருவும் பலகை

கடையில் பார்த்த அந்த மரப் பலகைக்கு மலையாளத்தில் சிரவ என்று பெயர். நாம் துருவுபலகை என்போம். தேங்காய்த் துருவி என்றும் சொல்வோம்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். துருவுகிற பெண் பலகை மேல் உட்காருகிறாள். அவள் எடையே பலகையை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் இரண்டு கையும் சும்மா இருக்கிறது. இரண்டு கையாலும் தேங்காய் மூடியைப் பிடித்து இரும்பு நாக்கில் திருப்பலாம். ஆணி வேண்டாம். திருகு வேண்டாம். யார் கண்டுபிடித்தார்களோ, நல்ல மூளைக்காரர்.

அப்படியானால் அது ஏன் கடைக்குப் போனது? முழங்கால்தான் காரணம். தரையில் உட்கார்ந்து எழுந்தால் வயதானவர்களுக்கு வலிக்கிறது. அடுப்பும் மேடைக்கு ஏறிவிட்டது. நின்றுகொண்டு சமைக்கிறோம். துருவுவதற்கு மட்டும் கீழே உட்கார வேண்டுமா? இப்போது மேடை ஓரத்தில் திருகி மாட்டும் துருவி வந்துவிட்டது. ஒரு கையால் பிடியைச் சுற்ற வேண்டும். மறு கையால் மூடியைப் பிடிக்க வேண்டும். முழங்கால் தப்பித்தது. ஆனால் விரல் பற்களுக்குப் பக்கத்தில் போகிறது. கடைசித் துருவலுக்கு ஆசைப்படாதீர்கள். ஓடு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

மண்ணும் பீங்கானும்

கொச்சியில் மீன் குழம்புக்கு மண்சட்டிதான். இன்றும் பல வீடுகளில் அப்படித்தான். குழம்பில் குடம்புளி போடுவார்கள். புளிப்பு அதிகம். புளிப்பு உலோகத்தை அரிக்கும். மண்ணை ஒன்றும் செய்யாது. மண்சட்டி சூட்டையும் விடாமல் பிடித்து வைக்கும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதிக்கும்.

புதுச் சட்டியை வாங்கியதும் அடுப்பில் வைக்கக் கூடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு அரிசி கழுவிய தண்ணீரோ கஞ்சியோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் சட்டி பழகிவிடும். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சோப்பு அதற்குள் போய்விடும். நார் போட்டு, சுடு தண்ணீரில் கழுவினால் போதும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. இதற்கும் அதே காரணம்தான். உப்பும் புளிப்பும் மாதக் கணக்கில் உள்ளே கிடக்கும். பீங்கானின் பளபளப்பு மேல்பூச்சு அதைத் தாங்கும்.

வெண்கலம், பித்தளை, ஈயம்

உருளி வெண்கலத்தில் செய்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். ஆலப்புழை மாவட்டத்தில் மான்னார் என்ற ஊர் இந்த வேலைக்குப் பேர் பெற்றது. உருளியின் அடி கனமானது. பாயசம் அடிப்பிடிக்காமல் மெதுவாகக் குறுகும். அதனால்தான் விசேஷ நாளில் இன்றும் அது பரணில் இருந்து இறங்குகிறது. தினமும் இறங்குவதில்லை. தூக்குகிறவள் இடுப்பு என்ன ஆகும்?

பித்தளையும் செம்பும் வேறு மாதிரி. அவற்றில் புளிக் குழம்போ மோரோ வைத்தால் களிம்பு ஏறும். பச்சை நிறமாகத் தெரியும். சாப்பிட்டால் வாந்தியும் வயிற்று வலியும் வரும். இதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். "ஈயம் பூசறதேய்!" என்ற குரல் ஒரு காலத்தில் எல்லாத் தெருவிலும் கேட்டது. பூசுகிறவர் பாத்திரத்தைச் சூடு செய்வார். நவச்சாரத் தூளைத் தூவுவார். வெள்ளீயத்தைத் தேய்ப்பார். அது உருகும். பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றித் துடைப்பார். உட்புறம் வெள்ளி போல மின்னும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. ஈயம் இரண்டு வகை. ஒன்று வெள்ளீயம். பாத்திரத்துக்கு ஏற்றது அது. இன்னொன்று காரீயம். அது நஞ்சு. சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரண்டையும் நாம் சும்மா ஈயம் என்றுதான் சொல்கிறோம். அதில்தான் ஆபத்து. பூசக் கொடுக்கும்போது, வாங்கும்போது, "இது சுத்தமான வெள்ளீயமா?" என்று கேளுங்கள். நம்பிக்கையான ஆளிடம் மட்டும் கொடுங்கள். பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் அந்தப் பாத்திரத்தில் சமைக்க வேண்டாம்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். அது 232 டிகிரி சூட்டில் உருகிவிடும். தண்ணீர் இருந்தால் பயம் இல்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் சூடு ஏற விடாது. காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் போச்சு. சொம்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குட்டைதான் இருக்கும்.

அம்மி நகர்ந்த கதை

ஒரு வீட்டுக்கு இட்லி மாவு ஆட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஆட்டுக்கல்லில் ஆட்டியவர்களைக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அம்மியில் மசாலா அரைப்பது தனி. இந்த வேலையைப் பெண்கள் சம்பளம் இல்லாமல் செய்தார்கள். தோள்பட்டை வலி அவர்களுக்குக் கிடைத்தது. "கையால் அரைத்தால்தான் ருசி" என்ற பேச்சு மற்றவர்களுக்குக் கிடைத்தது.

1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தார். கிரைண்டர் பிறந்தது. பிறகு பம்பாயில் இன்னொரு கதை. மாதுரி மாத்தூர் என்ற பெண்மணியிடம் வெளிநாட்டு மிக்சி ஒன்று இருந்தது. அது பழுதாகிவிட்டது. நம் ஊர்ச் சமையலின் கடினமான அரைப்பு வேறு. மஞ்சளும் காய்ந்த மிளகாயும் ஊறிய பருப்பும் அதில் உண்டு. அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் ஒரு பொறியாளர். நம் சமையலுக்குத் தாங்கும் மிக்சியை அவர் செய்தார். 1963இல் கம்பெனி தொடங்கினார். அதுதான் சுமீத் மிக்சி. 2011இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு கூரை வீட்டிலும் மிக்சிச் சத்தம் கேட்டது.

இரண்டில் எது நல்லது? வேலையைப் பொறுத்தது. மிக்சியின் கத்தி மிக வேகமாகச் சுற்றும். சட்னிக்கும் மசாலாவுக்கும் அது சரி. ஆனால் அந்த வேகத்தில் மாவு சூடாகும். கிரைண்டர் கல் மெதுவாகச் சுற்றும். உளுந்து சூடாகாமல் பொங்கி வரும். இட்லிக்கு அதுவே நல்லது. எதுவானாலும் ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். கையை உள்ளே விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

குக்கரும் படிப்பும்

1679இல் தெனிஸ் பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். மூடி இறுக்கமானது. உள்ளே ஆவி அடைபட்டு அழுத்தம் கூடும். எலும்புகூட அதில் மெத்தென்று வெந்தது. பாத்திரம் வெடிக்காமல் இருக்க ஒரு வால்வும் வைத்தார். இன்றைய குக்கரின் தாத்தா அதுதான். இந்தியாவில் 1959 வாக்கில் குக்கர் செய்யத் தொடங்கினார்கள்.

கொச்சி கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூணாறு மலை மேல் இருக்கிறது. அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் சூடு குறைவு. அதனால் பருப்பு வேக நேரம் ஆகும். குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி வரை போகும். எந்த ஊரானாலும் சீக்கிரம் வேகும். விறகும் கேஸும் மிச்சம்.

புட்டுக் குழலும் இப்போது குக்கரில் ஏறிவிட்டது. குண்டை எடுத்துவிட்டு, ஆவி வரும் குழாய் மேல் குழலை வைக்கிறார்கள். ஆவி மாவு வழியாக மேலே போகும். மாவை அழுத்தி அடைக்கக் கூடாது. அடைத்தால் ஆவிக்கு வழி இல்லாமல் போகும். முன்பு மூங்கில் குழாயில் புட்டு அவித்தார்கள். சிரட்டையிலும் அவித்தார்கள். வேலை ஒன்றுதான்.

குக்கரைக் கண்டு பயப்பட வேண்டாம். அதன் பேச்சைக் கேட்டால் போதும். மூன்றில் இரண்டு பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரைக்கும் பருப்பு என்றால் பாதிதான். ஆவிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை அடைத்திருந்தால் குச்சியால் குத்தி எடுங்கள். மூடியில் உள்ள சேஃப்டி வால்வு எளிதில் உருகும் உலோகத்தால் ஆனது. சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவியை வெளியே விடும். அது உருகிவிட்டால் அதே கம்பெனி வால்வைத்தான் போட வேண்டும். மெழுகு, சவ்வு, துணி என்று எதையாவது வைத்து அடைத்தால் குக்கர் குண்டாகிவிடும். ஆவி முழுக்க அடங்காமல் மூடியைத் திறக்கவே கூடாது.

வாங்கும்போது பாத்திரத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? அதன் மேல் ஐ.எஸ். 2347 என்று இருக்கிறதா? வீட்டுக் குக்கருக்கு உரிய எண் அது. 2021 முதல் இந்த முத்திரை கட்டாயம். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கொஞ்சம் கடினம்.

படிப்பு என்றதும் ஒரு செய்தி. மட்டாஞ்சேரி இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்தில். 1990 பிப்ரவரி 4 அன்று அந்த மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் மாவட்டம். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வேலையில் முன்னே நின்ற அமைப்பு கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962இல் தொடங்கியது. அறிவியலை மக்கள் மொழியில் சொல்வது அதன் வேலை.

அதே பரிஷத் அடுக்களைக்கும் வந்தது. புகை குறைந்த விறகடுப்பைப் பரப்பியது. இன்னொரு பொருளையும் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. அதன் மலையாளப் பெயர் நமக்கு அப்படியே புரியும். சூடாறாப்பெட்டி. சூடு ஆறாத பெட்டி.

சூடாறாப்பெட்டி

சோறு வேக என்ன வேண்டும்? தீ என்று சொல்வோம். உண்மையில் சூடுதான் வேண்டும். பானை கொதித்த பிறகு நாம் எரிக்கும் விறகு எங்கே போகிறது? பானையின் பக்கங்கள் வழியாகக் காற்றில் கலக்கிறது. அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்தால் தீ இல்லாமலே சோறு வேகும். இதுதான் பெட்டியின் ரகசியம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் எரிபொருள் கிடைக்காதபோது இங்கிலாந்தில் வைக்கோல் பெட்டியில் சமைத்தார்கள்.

இதைக் கடையில் வாங்கலாம். வீட்டிலும் செய்யலாம். மூடி உள்ள மரப் பெட்டியோ, பெரிய கூடையோ எடுங்கள். அடியில் காய்ந்த வைக்கோலை ஐந்து விரல் கனத்துக்கு அழுத்திப் பரப்புங்கள். நடுவில் பானையை வையுங்கள். சுற்றிலும் அதே கனத்துக்கு வைக்கோலைத் திணியுங்கள். பானையை வெளியே எடுத்தால் அதன் வடிவில் ஒரு குழி இருக்கும். குழிக்குள் பழைய துணியை விரித்துத் தைத்துவிடுங்கள். மேலே மூட ஒரு தலையணை வேண்டும். அதிலும் வைக்கோலோ பழந்துணியோ திணிக்கலாம். வைக்கோல் ஈரமாக இருந்தால் பயன் இல்லை. சூட்டைப் பிடிப்பது வைக்கோலுக்கு நடுவில் அடைபட்ட காற்றுதான்.

இனிச் சமையல். அரிசியை மூடி போட்டுக் கொதிக்க விடுங்கள். பச்சரிசி என்றால் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். கேரளத்து மட்ட அரிசி என்றால் கால் மணி நேரம். பிறகு மூடியைத் திறக்காமல் பானையை இறக்குங்கள். அடியைத் துணியால் துடையுங்கள். விறகடுப்பு என்றால் இது மிக முக்கியம். அடியில் ஒரு கங்கு ஒட்டி இருந்தாலும் வைக்கோல் பற்றிக்கொள்ளும். குழியில் ஒரு ஓடோ தட்டோ போட்டு அதன் மேல் வைப்பது இன்னும் நல்லது. தலையணையை அழுத்தி மூடுங்கள். பச்சரிசிக்கு அரை மணி. மட்ட அரிசிக்கு ஒன்றரை மணி. ஊற வைத்த துவரம் பருப்பும் இதில் வேகும்.

பானை நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். பெரிய பானையில் ஒரு கை அரிசி போட்டால் ஆறிப்போகும். சோற்றை ராத்திரி முழுக்க உள்ளே வைக்காதீர்கள். வெதுவெதுப்பான சோற்றில் கிருமி வேகமாகப் பெருகும். நல்ல சூடாக இருக்கும்போதே எடுத்துச் சாப்பிடுங்கள்.

அந்த ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் யாரும் நிற்க வேண்டியதில்லை. பால் வாங்கப் போகலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம். புத்தகம் படிக்கலாம். நடுவில் திறந்து பார்க்க ஆசை வரும். திறந்தால் சூடு போய்விடும். நேரம் ஆனதும் திறந்து, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? பானையை மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி விடுங்கள். பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். அடுத்த தடவை முதலிலேயே இரண்டு நிமிடம் கூடக் கொதிக்க விடுங்கள். இரண்டு மூன்று நாளில் உங்கள் வீட்டு அரிசியின் கணக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும்.